விசுக்கோத்தை விட்டுப்போன மகனுக்கு

தம்பி,

நான் சுகமாக இருக்கிறேன். அதை முதலே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கடிதம் என்றதும் நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டுதான் பிரிப்பாய். முந்தநாள் தொலைபேசியில் "அம்மா, என்னோடை கோவமோ?" என்று கேட்டாய். அடுப்பில் பால் பொங்குது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை. விறாந்தையில் கதிரையைப் போட்டு இருந்துகொண்டுதான் கதைத்தனான். நேரே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முப்பத்தொரு வருஷம் தபால் கந்தோரில் மற்றவர்களின் கடிதங்களுக்கு முத்திரை குத்தினவள், எனக்கு எழுத்துத்தான் வரும். இதை உன்னுடைய மனுசி நிரூஜாவும் வாசிக்கட்டும். தாயைத் தகப்பனைத் தீவில் விட்டுவிட்டு வெளிக்கிடப்போகிற வேறு பிள்ளைகள் யாரும் வாசித்தாலும் எனக்கு வெட்கமில்லை. கோபமா என்று கேட்டாய். கோபம் என்றால் இரண்டு நாளில் ஆறியிருக்கும். நீ என்னை ஏமாற்றிப்போட்டாய். அது ஆறுதில்லை.

சித்திரை விடுமுறைக்கு நீங்கள் கொழும்பிலிருந்து வந்த நாளை நினைத்துப் பார். வான் படலையடியில் நின்றதும் முதல் இறங்கியது தாரணி. அவளுடைய கையில் சங்கிலி, சங்கிலியின் மற்றத் தலைப்பில் மண்ணிறத்தில் காது தொங்கிய ஒரு நாய். ஏழு மாதக் குட்டி என்றீர்கள், ஆனால் முன்னங்காலைத் தூக்கி என்னுடைய தோளில் வைத்தது. "அப்பம்மா, இவன்ரை பேர் பிஸ்கட்" என்றாள் பிள்ளை. பக்கத்து வளவுப் பராசக்தி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "விசுக்கோத்தோ? நாய்க்கு வேறை பேர் கிடைக்கேல்லையோ?" என்று சிரித்தாள். அன்றிலிருந்து இறுப்பிட்டி முழுக்க அதற்கு விசுக்கோத்து என்றுதான் பேர். அன்று பின்னேரம் நீ குசினி வாசலில் வந்து நின்று சொன்னாய்: "அம்மா, அப்பா போன பிறகு நீங்கள் இந்தப் பெரிய வீட்டிலை தனிய இருக்கிறியள். எனக்கு அங்கை நித்திரை வருகுதில்லை. ஒரு நாய் நிண்டால் எனக்கு நிம்மதி." சொல்லும்போது உன்னுடைய கண் கலங்கியிருந்தது. நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள், அப்படியே விட்டுவிட்டு எழும்பி உன்னுடைய தலையைத் தடவினேன். நாய் வளர்க்க எனக்கு ஆசை இருக்கவில்லை. ஆனால் என்னை நினைத்து ஒருவன் நித்திரை இல்லாமல் இருக்கிறான் என்பது, அப்பா போன இரண்டு வருஷத்தில் எனக்குக் கிடைத்த பெரிய ஆறுதல். பராசக்தியிடம் போய்ப் பெருமையாகச் சொன்னேன்: "என்ரை பிள்ளை என்னை யோசிச்சிருக்கிறான் பாரும்."

மூன்றாம் நாள் வெளிக்கிட்டீர்கள். வெளிக்கிட்ட விதம் எனக்கு அன்றே ஒரு மாதிரித்தான் இருந்தது. கிணற்றடியில் ஒரு ஆட்டெலும்பைப் போட்டு நாயை அங்கே நிற்கவைத்துவிட்டு, தாரணியை வானுக்குள் ஏற்றிக் குனிந்திருக்கச் சொன்னாய். வான் இரைந்த சத்தத்துக்கு அது எலும்பைப் போட்டுவிட்டு ஓடிவந்தது. நீ படலையை இழுத்துச் சாத்தினாய். படலை இடுக்கில் மூக்கை வைத்துக்கொண்டு, வெயில் உச்சிக்கு வரும்வரை அது அசையாமல் நின்றது. பாவம் என்று நினைத்தேன். எனக்காகத்தானே பிள்ளை இதைச் செய்கிறான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அடுத்த நாள் தொடங்கியது. முதலில் என்னுடைய வீட்டுச் செருப்பு. பிறகு ரீவி றிமோட், கால் துடைக்கிற சாக்கு, பஞ்சாங்கம், கிணற்றடி ஓஸ் பைப், விறாந்தைக் கதிரையின் முன்னங்கால் இரண்டும். கண்ணாடியைக் கழற்றிப் பத்திரிகைக்கு மேல் வைத்துவிட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போய்த் திரும்பி வந்தால், கண்ணாடி இல்லை, பத்திரிகையும் இல்லை. கட்டிலுக்குக் கீழே கண்ணாடியின் ஒரு காது மட்டும் கிடந்தது. பதினைந்து நாள் எழுத்துத் தெரியாமல் இருந்தேன். உனக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன். நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கோ? "இஞ்சை அவன் ஒண்டையும் கடிச்சதில்லையே அம்மா. புது இடம்தானே, பழகிவிடும்." அந்த ஒரு வசனத்தோடு பிழை என்னுடையதாகிவிட்டது. கொழும்பில் ஒழுங்காக இருந்த நாய் என்னிடம் வந்துதான் கெட்டுப்போகிறது, எனக்குத்தான் வளர்க்கத் தெரியவில்லை என்று நம்பினேன். அதற்குப் பிறகு உனக்கு முறைப்பாடு சொல்லவும் வெட்கப்பட்டேன். "எப்பிடி பிஸ்கட்?" என்று நீ கேட்டால் "நல்ல பிள்ளை" என்று சொன்னேன். அப்போது அது குசினிக்குள் உன்னுடைய அப்பாவின் குடையைப் பிய்த்துக்கொண்டிருந்தது.

தெரியாதவள் செய்கிற எல்லாப் பிழையையும் செய்தேன். செருப்பைக் கண்டால் செருப்பால் அடித்தேன், பாயைக் கண்டால் பாயைச் சுருட்டி அடித்தேன். மிளகாய்த்தூளைக் குழைத்துக் கதிரைக் காலில் பூசினேன். நாய் தும்மியது, நானும் தும்மினேன், வேலிக்கு அங்கால் பராசக்தியும் தும்மினாள். பிறகு அது மேசைக் காலுக்கு மாறியது. வேப்பெண்ணெய் பூசிப் பார்த்தேன், அதை நக்கியது. மாமரத்தில் கட்டினேன். கட்டினால் ஊரைக் கூட்டி அழும், அழுது களைத்தால் கயிற்றைச் சப்பும். மூன்று கயிறு போனது. பராசக்தி ஒருநாள் வேலியடியில் வந்து நின்று கேட்டாள்: "நீர் உதுக்கு அடிச்சு என்ன காணப் போறீர்? அடிக்க அடிக்கக் கூடத்தானே சப்புது." எனக்கு அவளோடும் கோபம் வந்தது.

ஆனியில் ஒரு நாள் சங்கக் கடைக்குப் போய்விட்டு வந்தேன். ஒரு மணித்தியாலம் இருக்கும். அறைக்குள் நிலம் முழுக்க வெள்ளையாகக் கிடந்தது. அலுமாரியின் கீழ் லாச்சியை நான் சரியாகத் தள்ளாமல் விட்டிருக்கிறேன். அதற்குள் ஒரு துணிப்பையில், நீ எட்டு வயதில் குருநாகலிலிருந்து எனக்கு எழுதின கடிதங்கள் இருந்தன. எத்தனை இடம்பெயர்வுக்கும் உடுப்பை விட்டாலும் விடாமல் காவித் திரிந்த பை அது. நாய் நடுவில் படுத்திருந்து வாலை ஆட்டியது, வாய் ஓரத்தில் நீலக்கோட்டுக் கொப்பித்தாள்.

அன்று நான் அடித்தது செருப்பால் இல்லை தம்பி. வீடு கூட்டுகிற தும்புத்தடியின் தடியைக் கழற்றி அடித்தேன். அந்த உடம்புக்கு, திரும்பி ஒரு கடி கடித்திருந்தால் நான் விழுந்திருப்பேன். அது கடிக்கவில்லை. வயிற்றை நிலத்தோடு ஒட்டிப் படுத்து மூத்திரம் பெய்தது. கண்ணை மூடிக்கொண்டது. பராசக்தி வேலிப் பொட்டுக்குள்ளால் ஓடிவந்து தடியைப் பறித்து எறிந்தாள். "உமக்கென்ன விசரே?" என்று கேட்டாள். பிறகு நான் நிலத்தில் இருந்து துண்டுகளைப் பொறுக்கினேன். ஒரு துண்டில் உன்னுடைய கையெழுத்து: "அம்மா பத்து நாள் முடிஞ்சுது. நான் பாக்கில உடுப்பு அடுக்கி வச்சிருக்கிறன்."

அதைப் பற்றி நானும் நீயும் முப்பது வருஷமாகக் கதைத்ததில்லை. இப்போது எழுதுகிறேன். தீவிலிருந்து சனம் எல்லாம் வெளிக்கிட்ட காலம். உன்னைக் குருநாகலில் பெரியப்பாவின் கடைவீட்டில் கொண்டுபோய் விட்டோம். எனக்கு யாழ்ப்பாணத்தில் வேலை, அப்பாவுக்கும் அப்படித்தான், உன்னையாவது குண்டுக்குள் வைக்காமல் இருப்போம் என்று முடிவெடுத்தோம். முடிவு பிழை என்று இன்றைக்கும் நான் சொல்லமாட்டேன். பிழை, உனக்குச் சொன்னதில் இருந்தது. "பத்து நாளிலை அம்மா வந்து கூட்டிக்கொண்டு போவன்" என்றேன். பத்து நாள் இல்லை என்று சொல்லும்போதே எனக்குத் தெரியும். பெரியப்பா உன்னைக் குளத்துக்குக் குளிக்கக் கூட்டிக்கொண்டு போன நேரம் பார்த்து நாங்கள் பஸ் ஏறினோம். நீ அழுவதைப் பார்க்க எனக்குத் தைரியம் இருக்கவில்லை. உனக்காக என்று அப்போது சொல்லிக்கொண்டேன். உனக்காக இல்லை, எனக்காக. மூன்று வருஷம் கழித்துத்தான் வந்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது, அது உனக்குத் தெரியாது. பெரியம்மா எனக்கு ஒருமுறை எழுதினா, நீ சேட்டுக் கொலர் எல்லாவற்றையும் சப்பிப் பிய்க்கிறாய், பென்சில், தலையணை நுனி ஒன்றையும் விடுவதில்லை என்று. கடிதம் இரண்டு மாதம் பிந்தி வந்தது. நான் உடனே பதில் போட்டேன். என்ன எழுதினேன் தெரியுமோ? "கெட்ட பழக்கம், இரண்டு போட்டு நிப்பாட்டுங்கோ." உனக்கு விழுந்த அடி பெரியம்மாவின் அடி என்று நீ இவ்வளவு காலமும் நினைத்திருந்தால், அது நான் தபாலில் அனுப்பினது. பதினொரு வயதில் உன்னைக் கூட்டிக்கொண்டு வந்தபோது, எங்களுடைய குசினியில் பானையடியில் நின்றுகொண்டு என்னைக் கேட்டாய்: "அம்மா, தண்ணி குடிக்கட்டோ?" சொந்த வீட்டில் தண்ணீர் குடிக்க அனுமதி கேட்ட பிள்ளை. நான் அழாமல் "குடி" என்றேன்.

அடுத்த நாள் காலமை ஓட்டோ பிடித்து நாயை வேலணையில் மிருக வைத்தியரிடம் கொண்டுபோனேன். சின்னப் பெண், உன் வயதுகூட இருக்காது. முதுகுத் தழும்பைத் தடவிப் பார்த்தா, ஆனால் யார் அடித்தது என்று கேட்கவில்லை. வேறு கேள்விகள் கேட்டா. முன்பிருந்த வீட்டில் எத்தனை பேர், இப்போது எத்தனை பேர், ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் நடக்கிறது, எவ்வளவு நேரம் தனிய நிற்கிறது. நான் சொல்லச் சொல்ல எனக்கே விளங்கியது. "அம்மா, உது வேணுமெண்டு செய்யேல்லை" என்றா. "பல்லு ஊறுற வயது இன்னும் முடியேல்லை, அது ஒண்டு. மற்றது, இவர் ஆக்களைத் தேடுறார். ஆரின்ரை வாசம் கூட இருக்குதோ அந்தச் சாமானைத்தான் எடுப்பார். உங்கடை செருப்பு, உங்கடை கண்ணாடி. நீங்கள் வெளியிலை போனால் திரும்பி வருவியள் எண்டு இவருக்கு இன்னும் நிச்சயமில்லை." கடித்து முடித்த பிறகு அடித்தால் எதற்கு அடி என்று நாய்க்குத் தெரியாதாம், அடிக்கிற ஆளுக்கு மட்டும் பயப்படுமாம். சாமானை எட்டாத இடத்தில் வைப்பது மனிசரின்ரை வேலை என்றா. சப்புவதற்கு அதற்கென்று சாமான் கொடுக்கச் சொன்னா. வாயில் எதையும் கண்டால் பறித்து இழுக்காமல், வேறு நல்லதைக் காட்டி மாற்றச் சொன்னா. காலமையும் பின்னேரமும் நன்றாகக் களைக்க நடக்கச் சொன்னா.

வந்து அப்படியே செய்தேன். அப்பாவின் பழைய சாரத் துணியைக் கிழித்து இறுக்கி முடிச்சுப் போட்டு அதற்குக் கொடுத்தேன். பிறிட்ஜில் வைத்த கரட் கொடுத்தேன், குளிருக்குப் பல் முரசு சுகமாக இருக்கும் போல, கண்ணை மூடிக்கொண்டு அரைக்கும். செருப்பை வாயில் கண்டால் கத்தாமல் கரட்டை நீட்டினேன், செருப்பைப் போட்டது. போட்டதும் "கெட்டிக்காரன்" என்றேன். எழுபதுக்குக் கிட்ட வந்த மனுசி நாய்க்குக் "கெட்டிக்காரன்" சொல்வதைப் பார்க்கப் பராசக்தி தேத்தண்ணிக் கோப்பையோடு வேலியடிக்கு வந்துவிடுவாள். எனக்கு முழங்கால் நோ என்று உனக்குத் தெரியும். ஆனாலும் காலமை வெயில் ஏற முன்னம் கடற்கரை மட்டும் நடந்தோம். எல்லாவற்றிலும் கஷ்டம் தனிய நிற்கப் பழக்கினது. "இரு, வருவன்" என்று சொல்லிவிட்டுப் படலைக்கு வெளியே போய் நிற்கவேண்டும், கொஞ்ச நேரத்தில் திரும்பி வரவேண்டும். முதல் நாள் ஒரு நிமிஷம். அடுத்த நாள் இரண்டு. சொன்னால் கட்டாயம் வரவேண்டும் என்று அந்த வைத்தியப் பிள்ளை திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பியிருந்தா. ஒரு மாதத்தில் நான் சங்கக் கடைக்குப் போய் வரும்வரை அது விறாந்தையில் முடிச்சுத் துணியைக் காலுக்குள் வைத்துக்கொண்டு படுத்திருக்கப் பழகியது. பிறகு போனது ஒரு பல் தூரிகை மட்டும். அதுவும் நான் கிணற்றடியில் வைத்த பிழை.

அப்போதுதான், ஆடியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தாரணி வீடியோவில் வந்தாள். அம்மா குளிக்கிறா, அப்பா கடைக்குப் போயிட்டார் என்றாள். நாயைக் காட்டச் சொன்னாள், காட்டினேன். அது படத்தை விட்டுவிட்டுச் சத்தம் வந்த இடத்தை நக்கியது. பிள்ளை சிரித்துக்கொண்டே கேட்டாள்: "அப்பம்மா, இவன் இஞ்சை சோஃபாவைக் கடிச்ச மாதிரி அங்கையும் கடிக்கிறானோ?"

"இவர் அங்கை சோஃபாவைக் கடிச்சவரோ பிள்ளை?"

"ஓம். அப்பான்ரை சப்பாத்து, லப்டொப் வயர், அம்மான்ரை சாறி எல்லாம். மேல் வீட்டு அங்கிளும் வந்து ஏசினவர். அப்பா இவனை பாத்றூமுக்கை பூட்டி வைக்கிறவர்." பிறகு மெதுவாகச் சொன்னாள்: "நாங்கள் போகேக்கை இவனைக் கூட்டிக்கொண்டு போக ஏலாதாம். அதுதான் அப்பம்மாட்டை விட்டது."

"எங்கை போறியள்?"

"மெல்பேர்ணுக்கு."

அவளுடைய முகம் மாறியது. "சொல்லக்கூடாதெண்டு அப்பா சொன்னவர்" என்று அழத் தொடங்கினாள். நான் யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்து அவளைத் தேற்றினேன். போன கிழமை அவளிடமே கேட்டேன், அப்பாவுக்கு எழுதட்டோ என்று. "எழுதுங்கோ, ஆனா அப்பா ஏசக்கூடாது" என்றாள். அவளை ஏசினாய் என்று கேள்விப்பட்டால் நான் உன்னோடு கதைக்கவே மாட்டேன்.

அதற்குப் பிறகு, நீயே உண்மையைச் சொல்ல உனக்கு நான் இடம் தந்தேன், தம்பி. அன்று இரவே தொலைபேசி எடுத்தாய். "என்ன புதினம்?" என்று கேட்டேன். "ஒண்டுமில்லை அம்மா" என்றாய். அடுத்த கிழமை கேட்டேன், "வேலையெல்லாம் எப்பிடி, மாறுற யோசனை ஏதும் இருக்கோ?" என்று. "அதுக்கென்ன, போகுது" என்றாய். மூன்றாம் முறை நேரேயே கேட்டேன்: "எப்ப பயணம்?" நீ இருமினாய். விசா கையில் வந்தது மாசியில் என்றாய். மாசி. நீ குசினி வாசலில் நின்று கண் கலங்கினது சித்திரையில். "சரிவருமோ தெரியாமல் உங்களைக் கவலைப்படுத்தக் கூடாதெண்டுதான் அம்மா" என்றாய். நாயைப் பற்றிக் கேட்டதற்கு, "அதுவும் உங்களுக்குத் துணைதானே" என்றாய். துணை. வீட்டைக் காலி செய்கிறபோது முதலில் வெளியேற்ற வேண்டிய சாமானைக் கொண்டுவந்து என்னுடைய விறாந்தையில் இறக்கிவிட்டு, அதற்கு என்னுடைய தனிமையின் பேரை வைத்தாய். நீ போவது எனக்கு நோகவில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் போகிற பிள்ளையை மறிக்கிற தாய் இல்லை நான். உண்மையைச் சொல்லியிருந்தால் இந்த நாயை நானே கேட்டு வாங்கியிருப்பேன். உன்னுடைய கண்ணீரை நம்பித் தலையைத் தடவினேனே, அந்தக் கையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்து நான் செய்ததை மறைக்க நினைத்தேன். மறைத்தால் உனக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லை. அதற்கு மறுநாள் ஓட்டோவைக் கூப்பிட்டு, நாயையும் ஏற்றி, சாட்டிக் கடற்கரைக்குப் போகச் சொன்னேன். நாயைப் பார்க்கும்போதெல்லாம் உன்னுடைய பொய்தான் தெரிந்தது. பாலம் கடந்து போகும்போது அது தலையை வெளியே நீட்டிக் காற்றுக் குடித்தது. வேலை நாள், கடற்கரையில் சனம் இல்லை. சங்கிலியைக் கழற்றிவிட்டேன். நண்டைக் கலைத்துக்கொண்டு ஓடியது, தண்ணீரைக் கண்டு பயந்து திரும்பி வந்தது, என்னுடைய சேலையை நனைத்தது. நான் ஓட்டோவுக்கு நடந்தேன். அது பின்னாலேயே வந்தது. நான் ஏறினேன். அதுவும் ஏறக் காலைத் தூக்கியது. வாய்ப் பழக்கத்தில் சொல்லிப்போட்டேன்: "இரு, வருவன்."

அது இருந்தது. வீதியோரத்து மணலில், முன்னங்கால் இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு இருந்தது.

"எடும், போவம்" என்றேன். ஓட்டோக்காரர் எங்களூர் மனிசன்தான், கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "நாய் அம்மா?" என்றார். "அது நிக்கட்டும்" என்றேன். அவர் மெதுவாக எடுத்தார். அது ஓடிவரும், குரைக்கும், கலைக்கும், நான் திரும்பிப் பார்க்காமல் போவேன் என்றுதான் மனதைக் கல்லாக்கி வைத்திருந்தேன். ஒரு சத்தமும் வரவில்லை. முடக்கில் திரும்பிப் பார்த்தேன். அந்த இடத்திலேயே இருந்தது. வால் மட்டும் மணலில் அப்படி இப்படி அசைந்தது. ஓடிவரவேண்டிய அவசியம் அதற்கு இருக்கவில்லை, ஏனென்றால் நான் வருவேன் என்று சொல்லியிருக்கிறேன். இரண்டு மாதமாக அடித்த உடம்பு தம்பி அது. எப்படி நம்பியது?

"நிப்பாட்டும்" என்று கத்தினேன். அவர் திருப்புகிறேன் என்று சொல்லச் சொல்ல நான் இறங்கி வெறும் வெயிலில் நடந்தேன். முழங்காலை இழுத்து இழுத்து நடந்தேன். அது எழும்பவில்லை, நான் கிட்ட வரும் மட்டும் எழும்பவில்லை. கிட்ட வந்து கையை நீட்டினதும்தான் எழும்பி, நான் கடைக்குப் போய் வந்தால் செய்கிற மாதிரியே ஒருதரம் என்னைச் சுற்றி வந்தது. அவ்வளவுதான். அதற்கு அது ஒரு சாதாரண போய்வருகைதான். நான் அந்த மணலிலேயே குந்தி இருந்து, குருநாகல் பஸ்ஸுக்குள் அழாத அழுகையை அழுதேன். ஓட்டோக்காரர் தண்ணிப் போத்தலைக் கொண்டுவந்து தந்துவிட்டு, கொஞ்சம் தள்ளிப் போய் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். நல்ல மனிசன்.

தடுப்பூசி அட்டையில் உரிமையாளர் என்ற இடத்தில் உன்னுடைய பேர் இருந்தது. வைத்தியப் பிள்ளையிடம் கொடுத்து அதை வெட்டி என்னுடைய பேரைப் போடுவித்தேன். இனி அது நீ தந்த துணை இல்லை, நான் வைத்திருக்கிற நாய். அதை ஞாபகம் வைத்துக்கொள். அதற்காக நீ எனக்கு நன்றி சொல்லவும் வேண்டாம், அங்கேயிருந்து அதற்குச் சாமான் அனுப்பவும் வேண்டாம்.

குருநாகலுக்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு முப்பது வருஷம் வாய் வரவில்லை. இப்போது கேட்கிறேன். பத்து நாள் என்று பொய் சொன்னதற்கும், நீ குளிக்கப் போன நேரம் பார்த்து ஓடினதற்கும், அடிக்கச் சொல்லி எழுதினதற்கும். ஆனால் இதைக் கேட்டதால் நான் உன்னை மன்னித்துவிட்டேன் என்று எடுத்துக்கொள்ளாதே. இரண்டும் வேறு. நான் பிழை செய்தபோது எனக்கு வயது முப்பத்தைந்து, ஊர் எரிந்துகொண்டிருந்தது. நீ செய்தபோது ஒன்றும் எரியவில்லை. ஒரு தொலைபேசி எடுக்கிற தூரம். என்னிடமிருந்துதான் பழகினாயோ என்று சில நேரம் நினைக்கிறேன், அப்படி நினைத்தால் கோபப்படவும் ஏலாமல் போகிறது. ஆனாலும் நினைக்காத நேரமெல்லாம் நோகுது.

உனக்குச் சொல்ல ஒரு புத்திமதிதான் இருக்கிறது, அது உன்னுடைய மகளுக்காக. மெல்பேர்ணில் புதுப் பள்ளிக்கூடத்துக்குப் போகிற முதல் மாதங்களில் தாரணி சட்டைக் கையைச் சப்பினால், பென்சிலைக் கடித்தால், அதைப் பழக்கம் என்று சொல்லாதே. கையைத் தட்டிவிடாதே. யாரைத் தேடுகிறாய் என்று கேள். என்னையென்றால் எனக்குத் தொலைபேசி எடுத்துக் கொடு. நாயையென்றால் அதையும் காட்டுகிறேன். எப்போது ஊருக்குப் போவோம் என்று அவள் கேட்பாள். அடுத்த வருஷம் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லாதே. பிள்ளைகள் நாளை எண்ணுவார்கள். நீ எண்ணினாய்.

வாற வெள்ளிக்கிழமை பயணம் சொல்ல வருகிறோம் என்றாய். வாருங்கள். கத்தரிக்காய்ப் பால்கறியும் கணவாயும் சமைக்கிறேன். தாரணி நாயைக் கட்டிப்பிடித்து, தான் போகிறேன் என்று அதற்குச் சொல்லட்டும், எவ்வளவு நேரம் எடுத்தாலும் எடுக்கட்டும், அவசரப்படுத்தாதே. வெளிக்கிடும்போது என்னை எதையும் எடுத்துவரச் சொல்லி உள்ளே அனுப்பாதே. நான் படலையில் நிற்பேன். அழுவேன், அதை நீ பார்க்கவேண்டும். திரும்ப எப்போது வருவாய் என்று கேட்பேன். தெரியாது என்றால் தெரியாது என்று சொல். என்னால் அதைத் தாங்க ஏலும்.

அம்மா